சிரிக்காத சம்பந்தி

ஏழெட்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு நிச்சயதார்த்த வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே ஆளைத்தான் பார்த்தேன்.

பெண்ணை அல்ல. வந்திருந்தவர்களின் பட்டுப் புடவைகளை அல்ல – சத்தியமாக! பெண்ணின் அப்பாவை.

அவர் எங்கள் பக்கத்து வீட்டு ஞானராஜ் சார். மன்னார்குடிக் கடைத்தெருவில் விதைநெல் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது. லுத்தரன் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற ஒவ்வொருவரையும் சர்ச் வாசலில் நின்று ‘வாங்க, வாங்க’ என்று அழைப்பது அவராகவே எடுத்துக்கொண்ட வேலை. அந்தச் சிரிப்பு இருக்கிறதே... வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று முகம் தொங்கிப்போய் வருகிற விவசாயிகூட, அவர் கடையிலிருந்து கொஞ்சம் தெம்பாகத்தான் திரும்பிப் போவார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் ஒரே பெண் ஷீபாவின் நிச்சயதார்த்தத்தில் எப்படி நின்றார் தெரியுமா? ஏர்போர்ட்டில் சூட்கேஸைத் திறக்கச் சொல்லும் கஸ்டம்ஸ் அதிகாரி மாதிரி.

மாப்பிள்ளை எட்வின் சிங்கப்பூரில் என்ஜினீயர். லீவு கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் இது சகஜமாகிவிட்டது – மாப்பிள்ளை இல்லாமலே நிச்சயம் நடக்கும், வீடியோ கேசட் பின்னாலேயே விமானம் ஏறும். சீர்காழியிலிருந்து எட்வினின் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஞானராஜ் சார் வாசலில் நின்று ‘வாங்க’ என்றார். உதடு மட்டும்தான் சொன்னது. கண்ணும் கன்னமும் வேறு எங்கோ இருந்தன.

நம் ஊரில் இது சின்ன விஷயமா? சாம்பாரில் உப்பில்லை என்றால் மன்னிப்பார்கள். வாசலில் ‘வாங்க’ சரியாக விழவில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். எட்வினின் அம்மா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் பாயசம் விழுவதற்குள் கேட்டேவிட்டார்.

“ஏங்க, சம்பந்திக்கு இந்த இடம் பிடிக்கலைங்களா? முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறாரே!”

“அதெல்லாம் இல்லீங்க. பொண்ணைப் பிரியப்போற கவலை” என்று சமாளித்தேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

கேசட், யாரோ ஒருவரின் முறுக்கு டின்னோடு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. எட்வின் தங்கியிருக்கும் ஃப்ளாட்டில் இன்னும் மூன்று பையன்கள். நான்கு பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். “யாருடா அந்தக் கோவக்காரர்?” என்று ஒருவன் கேட்க, “என் மாமனார்டா” என்று எட்வின் சொல்ல... அதற்கப்புறம் அங்கே யாரும் முறுக்கைத் தொடவில்லையாம்.

அடுத்த வாரமே சீர்காழியிலிருந்து போன் வந்தது. எட்வினின் அப்பா ரொம்ப மரியாதையாகப் பேசினார். “ஓலையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுவோங்க. பையன் யோசிக்கிறான்.”

ஓலை என்றால் – இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் போதகர் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, ‘யாருக்காவது ஆட்சேபணை உண்டா’ என்று கேட்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதைத் தள்ளிப் போடு என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் கையை விட்டுப் போகிறது என்று அர்த்தம். ஷீபா கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள், தைரியசாலி. அவளே இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஞானராஜ் சாரின் மனைவி லீலா, வீட்டிலிருந்த இன்னொரு கேசட்டும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அவரும் வந்தார்.

“நீங்களே போட்டுப் பாருங்க டீச்சர். பெத்த பொண்ணுக்கு எவனாவது இப்படிப் பண்ணுவானா? கேட்டா, சிரிச்சேன்னு சாதிக்கிறாரு!”

“நான் சிரிச்சேன் லீலா” என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. முகம் அப்போதும் கஸ்டம்ஸ்தான்.

முதல் முறை பார்த்தேன். எனக்கும் கோபம்தான் தெரிந்தது. இரண்டாவது முறை பார்த்தேன். லீலா பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

மூன்றாவது முறை ஓடும்போதுதான், கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாலதி தலையைத் தூக்கினாள். மாலதி என் அக்கா மகள். சென்னையில் நரம்பியல் மேல்படிப்பு படிக்கிற டாக்டர். லீவுக்கு வந்திருந்தாள்.

“சித்தி, நிறுத்துங்க. கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்க.”

பண்ணினேன்.

“மாமா நடக்கும்போது இடது கையைப் பாருங்க. வலது கை ஆடுது. இடது கை ஆடவே இல்ல. கண்ணையும் பாருங்க, இமைக்கிறதே கம்மி.”

பிறகு எழுந்து உட்கார்ந்து அவரிடமே கேட்டாள். “மாமா, இடது தோள்பட்டை வலிக்குதா?”

“ஒரு வருஷமா தைலம் தேய்ச்சிட்டிருக்கேனேம்மா” என்று லீலா முந்திக்கொண்டாள்.

“எழுத்து சின்னதாயிடுச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். “ஆமாம்மா. மூட்டை மேல ரகம் எழுதினா, எறும்பு மாதிரி இருக்கு சார்னு ஆளுங்க சொல்றாங்க. பேனாதான் சரியில்லேன்னு...”

“வாசனை?”

விதைநெல்லை மோந்து பார்த்தே ஈரம் சொல்கிறவர் அவர். “ஒரு வருஷமா தெரியலைம்மா” என்றார். லீலாவுக்கே அது புதுச் செய்தி.

மாலதி நோயின் பெயர் எதுவும் சொல்லவில்லை. “டி.வி.யைப் பார்த்து வைத்தியம் சொல்லக்கூடாது. திங்கக்கிழமையே தஞ்சாவூர் போயி ஒரு நியூராலஜிஸ்டைப் பாருங்க. மாமாவுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, அதை மட்டும் சொல்றேன்” என்றாள்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பத்தியில் ஒரு மனிதரைக் கிண்டல் பண்ணியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ‘ஃபாரின் சம்பந்தம் அமைந்ததும் சிரிப்புக்கு ரேஷன் போட்டுவிட்ட ஒரு நண்பர்’ என்று. நிறையப் பேர் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். அது ஞானராஜ் சார்தான். பேர் போடவில்லை. மன்னார்குடியில் பேர் வேறு போட வேண்டுமா என்ன?

திங்கட்கிழமை நானும் கூடவே போனேன். குற்ற உணர்ச்சிக்கு பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

தஞ்சாவூர் டாக்டர் பெரிய மெஷின் எதையும் முதலில் தொடவில்லை. நடக்கச் சொன்னார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு பெண்ணின் பெயரைப் பத்து முறை எழுதச் சொன்னார். முதல் ‘ஷீபா’ அவரைக்கொட்டை அளவு இருந்தது. பத்தாவது ‘ஷீபா’ எள்ளு அளவு.

“இதுக்குப் பேரு பார்க்கின்சன் நோய்ங்க. மூளையில ஒரு ரசாயனம் குறையுது. அதனால உடம்பு நீங்க சொல்றதைக் கேக்க லேட்டாகுது. முகமும் உடம்புதானே? மனசு சிரிக்கும், முகத்துக்கு வந்து சேராது.”

“கை நடுங்கலையே டாக்டர்?” என்றாள் லீலா.

“எல்லாருக்கும் நடுக்கத்துலதான் ஆரம்பிக்கணும்னு இல்லம்மா. தோள்பட்டை வலியில ஆரம்பிக்கும், எழுத்துல ஆரம்பிக்கும். நாமதான் வயசாயிடுச்சு, மனசு சரியில்லேன்னு விட்டுடுவோம்.”

அடியோடு போகாது, ஆனால் மாத்திரையை நேரம் தவறாமல் போட்டு, தினமும் நடந்து, உடற்பயிற்சியும் செய்தால் நன்றாகவே சமாளிக்கலாம் என்றார். தன்னைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஒரு ஸ்கேன் எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் லீலா அழுதாள். “இத்தனை நாளா உம்மணாமூஞ்சின்னு திட்டித் தீர்த்தேனே...” அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை மட்டும் மெதுவாகத் தூக்கி அவள் கை மேல் வைத்தார். அந்தக் கை அங்கே போய்ச் சேர நேரம் பிடித்தது. எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

வடுவூர் தாண்டியதும் மன்னிப்புக் கேட்டேன். “சார், நான் எழுதினது...”

“அதைப் படிச்சிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேங்க டீச்சர்” என்றார். “வெளியிலதான் தெரியல.”

நோய் தெரிந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் லீலா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள் – “சீர்காழிக்கு இது தெரியவே வேணாம். நரம்பு வியாதின்னா பொண்ணுக்கும் வரும்பாங்க. கோவக்காரர்னே நெனச்சுக்கட்டும். அது தேவலை.”

யோசித்துப் பாருங்கள். திமிர் பிடித்த மாமனார் இருக்கலாம், மாத்திரை போடுகிற மாமனார் இருக்கக்கூடாது! நம் வீடுகளில் வலிப்புக்கு மாத்திரை போடும் பெண்ணிடம், கல்யாணம் முடியும்வரை அதை நிறுத்து என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடையிலேயே விழுந்த பெண்ணை எனக்குத் தெரியும். லீலாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மாலதிதான் பொறுமையாகப் பேசினாள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை என்றாள். லீலா மசியவில்லை.

ஷீபா சாயங்காலம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். சும்மா இருக்க முடியுமா என்னால்?

சிங்கப்பூருக்குப் போன் போட்டவள் கண்ணாடிக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

“அப்பாவுக்குப் பார்க்கின்சன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. சிரிக்கணும்னு நெனச்சாலும் முகம் வராது. உங்களைப் பிடிக்காம இல்ல. இது தெரிஞ்ச பிறகு உங்களுக்கு வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க. முதல் ஓலைக்கு அப்புறம் சொல்லாதீங்க.”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“என்னப்பா சொன்னாரு?”

“என்னைப் பிடிக்காம போச்சேன்னு பத்து நாளா தூங்கலையாம்.” மூச்சு விட்டுக்கொண்டார். “‘மாமா, நீங்க சிரிக்க வேணாம். சிரிக்கிறேன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்’கிறாரு.”

அடுத்த ஞாயிறு முதல் ஓலை. போதகர் ஆட்சேபணை கேட்டபோது லீலா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

போன புதன்கிழமை கல்யாணம். மாத்திரை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நடை தேவலை, இடது கை கொஞ்சம் ஆடியது, உதட்டோரத்தில் ஏதோ அரும்பவும் செய்தது. இருந்தாலும் மாப்பிள்ளை சொன்னதை அவர் விடவில்லை. சர்ச் வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் “வாங்க, வாங்க. சிரிச்சிட்டிருக்கேன்” என்றார். விஷயம் தெரியாத ஒன்றிரண்டு பேர் திருதிருவென்று விழித்தார்கள். தெரிந்தவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

குரூப் போட்டோவுக்கு நின்றபோது கேமராக்காரர் விரலை ஆட்டினார். “பொண்ணோட அப்பா... சார், கொஞ்சம் சிரிங்க. இன்னும் கொஞ்சம்... என்ன சார், உங்க வீட்டுக் கல்யாணம்தானே?”

லீலா வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, பந்தியில் என்னைக் குறுக்கு விசாரணை செய்த அதே சம்பந்தியம்மா, ஒரு போடு போட்டார் –

“அவரு சிரிச்சிட்டுத்தான்யா இருக்காரு, நீ எடு!”