கொட்டகையில் அடைபட்ட ஆராய்ச்சிக்காரர்கள்

பிள்ளைகளா, ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையில் புகை வருவதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன தெரியும்?

இரண்டாயிரம் பிறந்த பிறகு சில வருடங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். விடியும் முன்னே கிராமங்களில் நின்று பெண்களை ஏற்றிப் போய்க் கம்பெனியில் இறக்கிவிட்டால், சாயங்காலம் வரை வேன் சும்மா கிடக்கும். அந்த இடைவேளையில் கல்லூரிகளில் இருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவேன். எத்தனை விதமான ஆட்கள்! கண்மாய் மடையில் இருந்த பழைய எழுத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் படித்தார் ஒருவர். எறும்புப் புற்று ஓரத்தில் குத்தவைத்து அரைநாள் அசையாமல் இருந்தார் ஒரு அம்மா. நான் மழையை ‘மளை’ என்று சொன்னதும் புதையல் கிடைத்த மாதிரி எழுதிக்கொண்டான் ஒரு தம்பி. எல்லோருமே ஆராய்ச்சிதான் பண்ணினார்கள். எல்லோரும் பார்த்தது எங்கள் வறண்ட ஊரைத்தான்.

அப்படி ஒருநாள் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வந்தவர், பெண்கள் வேலைக்குப் போகும்போது பாடும் பாட்டைச் சேகரிக்கப் போன வருடமும் வந்திருந்தவர், நெஞ்சில் மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வந்த ஒரு மேடம். எங்கள் பெண்கள் வைத்த பெயர் தண்ணிக்காரரு, பாட்டுக்காரரு, மூச்சம்மா. முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். மூச்சம்மா மட்டும், “இன்னைக்குச் சும்மா பாத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல வச்சு அளந்துக்கிடலாம்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

காரணம், என் வீட்டுக்காரி. உங்கள் அம்மாதான். அவள் அங்கே வெடிமருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்த்தாள். சில மாதமாகவே இருமல். கம்பெனியில் போர்மேன் முன்னால் இருமலை விழுங்கிவிடுவாள். இருமுகிற ஆளை மருந்து ரூமில் வைத்திருந்தால் அதிகாரிகள் வரும்போது கேள்வி வரும் என்று, அதற்கு முன்பே ஒரு பெண்ணைப் போர்மேன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தீபாவளிக்கு முந்தைய சீசன் நேரம். எங்கள் வீடு ஓடியது அவள் கூலியிலும் என் வேனிலும். அந்த வேனுக்கு ஆர்டர் கொடுப்பதும் அதே போர்மேன்தான்.

மத்தியானச் சாப்பாடு முடியும்போது மேற்கே இருட்டியது. முதல் இடி கேட்டதும் மணி அடித்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் இடி இடித்தால் யாரும் ரூமுக்குள் இருக்கக்கூடாது. எல்லோரும் கைகால் கழுவிவிட்டு, ரூம்களுக்குத் தூரமாக இருக்கும் தகரக் கொட்டகையில் போய் உட்கார வேண்டும். செல்போன், டேப் எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. போர்மேன் சொல்கிற வரை யாரும் எழுந்து போக முடியாது. அன்றைக்கு மூன்று ஆராய்ச்சிக்காரர்களும், நானும், பெண்கள் அத்தனை பேரும், வாசலில் நாற்காலி போட்ட போர்மேனும் ஒரே கொட்டகையில் மாட்டிக்கொண்டோம்.

ஒரே மழையை மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்ததை நான் அங்கேதான் பார்த்தேன். தண்ணிக்காரர் தகரத்தில் இருந்து ஒழுகிய முதல் தண்ணீரைப் பிடிக்கப் பாட்டிலோடு ஓடினார்.

“சார், அது கூரைத் தண்ணி. குடிச்சிறாதீக!” என்றாள் ஒருத்தி.

“குடிக்க இல்லம்மா. இதுல என்னென்ன மருந்து கலந்திருக்குன்னு பாக்கணும்.”

“அதுக்கு எதுக்குப் பாட்டிலு? எங்க சேலையப் புழிஞ்சாலே அம்புட்டும் வருமே.”

கொட்டகையே சிரித்தது. பாட்டுக்காரர் மழைக்குப் பாட்டு உண்டா என்று கேட்டார். மூச்சம்மா யார் யார் இருமுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துவிட்டு ஒரு பெண், “என்ன மேடம், பீப்பீயா?” என்றாள். அவர் எடுத்துக் காட்டினார். வேகமாக ஊதினால் அதில் ஒரு முள் நகரும். எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அவ்வளவு மூச்சு.

போர்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். “சும்மாதான உக்காந்திருக்கோம். வரிசையா ஊதட்டும் மேடம். எவ நெஞ்சு எப்படின்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”

மூச்சம்மாவுக்கு அந்தப் பேச்சின் உள்ளர்த்தம் அப்போது புரியவில்லை. சரி என்றுவிட்டார். ஒவ்வொருவருக்கும் குழாயின் வாயைக் கழுவிக் கழுவிக் கொடுத்தார். முதல் பெண் ஊதினாள். முள் நன்றாக ஏறியது. “ஏத்தா, அடுப்பு ஊதி ஊதி வந்த நெஞ்சுல்லா!” என்று கைதட்டினார்கள். இரண்டாவது பெண்ணுக்கு முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

“கம்மியா இருக்கே” என்று மூச்சம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“நாளையில இருந்து நீ வீட்டுல இரு. சீசன் முடியட்டும், பாப்போம்” என்றார் போர்மேன்.

சிரிப்பு அடங்கியது. மூச்சம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அடுத்த பெண் ஊதித் தப்பித்தாள். அவளுக்கு அடுத்து உங்கள் அம்மா. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன், அங்கே போர்மேன். வெளியே இடி. எங்கே எழுந்து போவது?

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். “பாட்டு சாரு ரொம்ப நேரமாக் கேக்காரு. ஊதிட்டா தொண்டை காஞ்சிரும். மொதல்ல பாட்டப் படிச்சிருதேன்” என்றாள். எங்கள் வேனில் முதல் குரல் எடுத்துப் பாடுவது அவள்தான். பெண்களே கட்டிய பாட்டு அது.

வேலிக்கருவக் காட்டுக்குள்ள வேனு வர்ற தூசி பாரு
விடியும் முன்னே ஏறிப்போற வீட்டுக்காரி வேகம் பாரு

பாட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவள் ஓடி ஒளிந்த இடமும் மூச்சுதானே.

பாட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “அம்மா, போன வருசம் நீங்க பாடுனத டேப்புல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். முத அடிய ஒரே இழுப்புல பாடுனீங்க. இப்ப ‘காட்டுக்குள்ள’ன்னதும் ஒரு நிறுத்தம் வருது. இது பக்கத்து ஊர்ல பாடுற வழியா?”

“ஆமா சார். நாரணாபுரத்து வழி” என்றாள் அவள், கண் இமைக்காமல்.

அவர் மகிழ்ச்சியோடு அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். போர்மேனுக்கு அது ஏதோ பாட்டு விவகாரம். ஆனால் மூச்சம்மா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நிறுத்தம்தான். பாட்டுக்காரருக்கு அது புது வழி. இவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

“பாட்டு முடிஞ்சதுல்லா, ஊது” என்றார் போர்மேன்.

மூச்சம்மா குழாயைத் துண்டில் சுற்றினார். “மழை ஈரம் ஏறிடுச்சு சார். இனிமே அளவு தப்பாத்தான் காட்டும்.”

“குழாய்க்குமா மளைக்கு லீவு?”

“ஆமா சார். முன்ன ஊதுனவங்களுக்கும் தப்பாத்தான் காட்டியிருக்கும். அந்தம்மாவ நிப்பாட்டிறாதீங்க.”

போர்மேன் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். “சரி, நாளைக்கு வா” என்றார். இடி ஓய்ந்து மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தோம்.

திரும்பும்போது மூச்சம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். “உங்க வீட்டம்மாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து ரூமு வேண்டாம்” என்றார். சீசன் முடியட்டும் மேடம் என்றேன். பின்னால் பாட்டுக்காரர் குனிந்தபடி, “நான் அந்த நிறுத்தத்த வழின்னு எழுத இருந்தேன்” என்றார். தண்ணிக்காரர் மடியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

கல்யாணத்துக்கு என்று சொல்லி ஒருநாள் மதுரைக்குப் போய் வந்தோம். மாத்திரை கொடுத்தார்கள். மூச்சம்மா சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். ஆனாலும் தீபாவளி வரை அவள் அதே ரூமுக்குத்தான் போனாள். தினமும் கொண்டுபோய் இறக்கிவிட்டது என் வேன்தான். தீபாவளிக்குப் பிறகு அவள் கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினாள். இருமல் குறைந்தது. அந்த நிறுத்தம் மட்டும் போகவில்லை.

அந்த மழை நாளுக்குப் பிறகு வேனில் ஒன்று நடந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அவள் மட்டும் தனியாக நிறுத்தினால் போர்மேன் காதில் விழுந்துவிடும் என்று, ‘காட்டுக்குள்ள’ என்றதும் பெண்கள் எல்லோருமே சேர்ந்து நிறுத்தினார்கள். அவள் வேலையை விட்டு நின்ற பிறகும் அதை மாற்றவில்லை. மறு வருடம் பாட்டுக்காரர் டேப்போடு வந்து வேனில் ஏறினார். வேலிக்கருவைக் காட்டுக்குள் போகும்போது பாடினார்கள். அந்த இடம் வந்ததும் வேன் முழுக்க ஒரே அமைதி. எஞ்சின் சத்தம் மட்டும். அவர் என்னைப் பார்த்தார்.

“இப்ப எழுதிக்கிடுங்க சார்” என்றேன். “இப்ப அது வழிதான்.”