அம்மா தானாக விழவில்லை

அம்மா பஸ்ஸிலிருந்து விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் டிரைவர், கண்டக்டர், அம்மாவுக்கு முன்னால் இறங்கியிருந்த என் சித்தி, பின்படிக்கட்டு ஓரமாக உரச்சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். இல்லாதவர்கள் அப்பாவும் நானும். அப்பா ரைஸ்மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். நான் சிதம்பரத்தில் கல்லூரி முதலாண்டு வகுப்பில் இருந்தேன். ஆனால் போலீஸ் எழுதிய புகாரின் அடியில் இருந்தது அப்பாவின் கைநாட்டு.

சுனாமிக்கு மறு வருஷம் அது. அம்மாவும் சித்தியும் சிதம்பரத்தில் துணி எடுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறி, எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினார்கள். சித்தி இறங்கிவிட்டாள். அம்மாவின் ஒரு கால் ரோட்டில், இன்னொரு கால் படியில். முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்க்காமல் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அம்மா வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. கடலூர் பெரியாஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது. விரல்கள் மடங்கவில்லை. எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் வந்து நிற்பது எங்கள் வீட்டு வாசலில்தான். அப்படி நட்ட கை அது.

மறுநாளே ஏட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவிடம் எழுதி வாங்கிப் போயிருந்தார். அதன் நகல் என் கைக்கு வர ஒரு மாதமானது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா கட்டிலில் சாய்ந்திருக்க, சத்தமாகப் படித்தேன். 'பேருந்து நிற்பதற்குள் தன் கவனக்குறைவால் இறங்கி, தானாகத் தவறி விழுந்ததில்' என்று வந்த இடத்தில் அம்மா, "நில்லு" என்றாள்.

"யாரு சொன்னா அப்படி?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"வைத்தியச் செலவுக்கு எழுதறேன், இங்க வைய்யின்னாரு. வச்சேன். படிச்சுக் காட்டல."

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல."

"இல்லாத ஆளு எப்படிய்யா பாத்த மாதிரி வச்சிட்டு வந்த?" என்றாள் அம்மா. அதற்கப்புறம் நாலைந்து நாள் சோறு போடும்போதுகூட அவரிடம் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் கண்டக்டர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சட்டைப் பையில் ஒரு கவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. கேஸு கீஸுன்னு போனா இன்க்ரிமென்ட்ட கட் பண்ணிடுவாங்க. இத வச்சிக்குங்க."

"காசு வாணாம் தம்பி. நான் எறங்கறதுக்குள்ள விசில் ஊதிட்டேன், தப்புதான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டுப் போ."

"அது எப்படிக்கா முடியும்?"

"அப்ப நான்தான் தானா விழுந்தேனா?"

அவர் கவரைத் திரும்பச் சட்டைப் பையில் செருகினார். அம்மா ஹார்லிக்ஸை இடது கையால் எடுத்து அவரிடமே நீட்டினாள். "ஒம் பொண்ணுங்களுக்குக் கலக்கிக் குடு. மோர் தரட்டா, குடிச்சிட்டுப் போறியா?" என்றாள். அவர் மோர் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான் சிதம்பரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது பெரிய வார்த்தை. கல்லூரி முடிந்து தினமும் அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான். காகிதங்களைப் புரட்டிவிட்டு அவர் சொன்னார்: "ஜெயிச்சா ஃபீஸ் குடு போதும். ஆனா தம்பி, எதிர்த்தரப்புக்கு மொத சாட்சியே உங்கப்பாதான். அத நெனப்புல வச்சிக்க."

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மேல் கேஸ் போட்ட பிறகுதான் வாய்தா என்ற சொல்லின் முழு அர்த்தமும் எனக்குத் தெரிந்தது. போவோம். பெயரைக் கூப்பிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்பார்கள். வேறு தேதி கொடுப்பார்கள். திரும்புவோம். அதே கடலூர் பஸ். அம்மா இறங்கும்போதெல்லாம் நான் முன்னால் இறங்கிப் படியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஏன்டா, படி ஓடியா போயிடும்?" என்பாள். நான் டிகிரி முடித்தேன். பி.எட். முடித்தேன். கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஊரில், "அரசாங்கத்த எதுத்துக் கேஸு போட்டிருக்கான், படிச்ச திமுரு" என்றார்கள். ஆமாம், படித்த திமிர்தான். அந்த ஒரு வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் எனக்கும் அது வந்திருக்காது.

ஒருவழியாக அம்மாவைக் கூண்டில் ஏற்றும் நாள் வந்தது. வக்கீலின் குமாஸ்தா வராந்தாவில் அவளுக்குப் பாடம் எடுத்தார். "எது கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா. கையத் தூக்கிக் காட்டுங்க. முடிஞ்சா கொஞ்சம் அழுங்க."

"கையக் காட்டிக் காசு கேக்க நான் என்ன கோயில் வாசல்லயா உக்காந்திருக்கேன்?" என்றாள் அம்மா. முந்தானையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டே உள்ளே போனாள். யார் எதிரிலும் அவள் அந்தக் கையை வெளியே வைப்பதில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். நாங்கள் எப்படிப் பேசுவோம் என்று தெரிந்தவர். புகாரைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். அம்மா நாலுக்கும், "நான் தானா விழலீங்க" என்றே சொன்னாள். அவர் காகிதத்தை மூடி வைத்துவிட்டு, சொந்தக்காரர் மாதிரி சிரித்தார்.

"சரி, விடுங்கம்மா. இப்ப நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

"அவ்வளவுதாங்கய்யா" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. 'மனுதாரர் தற்போது நலமாக இருப்பதாக ஒப்புக்கொண்டார்.' எங்கள் வக்கீல் கண்ணை மூடித் திறந்தார்.

எங்கள் வக்கீல் எழுந்தார். "ஏம்மா, நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"

"அவரு கேட்டாரு, சொன்னேன். நல்லா இருக்கியான்னு ஒருத்தரு வாயாரக் கேட்டா, இல்லேன்னு சொல்ற பழக்கம் எங்க வீட்ல கெடையாதுங்க. நாளைக்கே சாவப் போறவகூட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. கை எப்படி இருக்குதுன்னு அவரு கேக்கல. கேக்கச் சொல்லுங்க. அதுக்கு வேற பதில் இருக்குது."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவரே கேட்டார்: "கை எப்படிம்மா இருக்கு?"

அம்மா முந்தானையை விலக்கினாள். நான்கூட அதை அப்படி வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

"இதுல நாத்து நிக்காதுங்கய்யா. சோறும் நிக்காது. எடது கையாலதான் திங்கறேன். நாலு பேரு முன்னாடி எடது கையால எப்படித் திங்கறது? எங்க மச்சாண்டாரு மவன் கல்யாணத்துல பந்தியில உக்காராம, சமையக்கட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு சாப்புட்டு வந்தேன். இதாங்க கை."

அழவில்லை. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து சித்தி. எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க கூடப் பொறந்த தங்கச்சி. அக்காவுக்குச் சாதகமாத்தானே சொல்லுவீங்க?" என்றார்.

"அக்காகூட துணியெடுக்கத் தங்கச்சிதான் போவா. வேற யாரு போவா, உங்க வீட்டுத் தங்கச்சியா வருவாங்க?" என்றாள் சித்தி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுமாறு நீதிபதி கண்டித்தார். ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் கண்டித்தார்.

அப்பா அதுவரை கோர்ட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்று வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சொன்னதை யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாய்தாவுக்கு எனக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார். கூண்டில் ஏறி அவர் சொன்னது மூன்றே வாக்கியம். "நான் அங்க இல்லீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எம் புள்ளைக்குத் தெரியும், அன்னிக்கு அவன் காலேஜில இருந்தானுங்க."

தீர்ப்புக்கு முன் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பேசி முடித்துக்கொள்ளலாம். பஸ்காரர்கள் தரப்பில், அம்மா மேலும் பாதித் தப்பு இருக்கிறது, அதனால் கேட்டதில் பாதி தருகிறோம், உடனே செக் என்றார்கள். எங்கள் வக்கீலே, "வாங்கிக்கலாம்மா, அப்பீல் அது இதுன்னு இழுத்துடுவாங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சம்பளம் பிடித்தார்கள்.

அம்மா பஸ்காரர்கள் தரப்பு அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: "எந்தப் பாதி சார் நான் பண்ண தப்பு? கீழ வச்சிருந்த காலா, மேல இருந்த காலா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டோம்.

தீர்ப்பில், விபத்துக்குப் பேருந்து ஊழியர்களின் கவனக்குறைவே முழுக் காரணம் என்று எழுதியிருந்தது. கோர்ட் வராந்தாவிலேயே அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். 'முழு' என்ற சொல்லை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். ஒரு லட்சத்து முப்பதாயிரமும் வட்டியும் கட்டச் சொல்லி உத்தரவு. கட்டவில்லை. அடுத்த வருஷமும் கட்டவில்லை. நாங்கள் மறுபடியும் மனுப் போட்டோம். அப்போதுதான் பஸ்ஸை ஜப்தி செய்ய உத்தரவானது.

எந்த பஸ் என்று நாங்கள்தான் காட்ட வேண்டும். கோர்ட் அமீனா உத்தரவை ஒட்டி, வண்டியை கோர்ட்டுக்குக் கொண்டுபோவார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால நெரிசலில் நின்றோம். குமாஸ்தா பக்கத்திலிருந்த டவுன் பஸ்ஸைக் காட்டினார்.

"அது வாணாம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வீட்டுக்குப் போவணும்" என்றாள் அம்மா. "கடலூர் வண்டி வரட்டும்."

வந்தது. சீட்டு நிறைந்த பிறகு அமீனா டிரைவரிடம் காகிதத்தை நீட்டினார். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்ததும் எங்கள் மேல்தான் பாய்ந்தார்கள். நான் பாடம் நடத்தும் பள்ளியின் கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "என்ன சார் இது, அசிங்கமா?" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நகரவில்லை. ஒரு பெரிய மீசைக்காரர் படியில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஒரு கைக்கு ஒரு பஸ்ஸா? காலு போயிருந்தா ரயிலக் கேட்டிருப்ப போல!"

"காலு போயிருந்தா இங்க வந்து நின்னிருப்பேனா மாமா?" என்றாள் அம்மா. "எறங்கு. வண்டி நல்லா நின்னுடுச்சு. அவசரமில்ல, பாத்து எறங்கு."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மீசைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். ஒரு கிழவி மட்டும் அம்மாவின் முந்தானைக்குள் இருந்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வேணும் இவனுங்களுக்கு" என்று சொல்லி அடுத்த பஸ்ஸைத் தேடிப் போனாள்.

அந்த பஸ் கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. காக்கை எச்சம் கண்ணாடியெல்லாம் வழிந்தது. இரண்டு வாரத்தில் பணத்தைக் கட்டி எடுத்துப் போனார்கள். 'தானே' புயலில் எங்கள் கூரை போன பிறகுதான் அந்தப் பணம் கோர்ட்டிலிருந்து எங்கள் கைக்கு வந்தது. புயல் நிவாரணமா என்று கேட்டவர்களுக்கு அம்மா, "இல்ல, எங்கிட்ட தப்பு இல்லேன்னு குடுத்தது" என்றாள்.

எவ்வளவு வந்தது என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். எவ்வளவு போனது என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான். வக்கீல் ஃபீஸ், குமாஸ்தாவுக்குக் கொடுத்தது, டாக்டர் சர்ட்டிபிகேட், நகல்கள், பஸ் சார்ஜ் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒம் பள்ளிக்கூடத்துல புடிச்ச சம்பளம்?" என்றாள் அம்மா.

சேர்த்தேன்.

"ஒங்க சித்தி வுட்ட கூலி? அதயும் சேரு. அவளுக்கு அதக் குடுத்துடணும். இந்தாளு மில்லுல வுட்ட கூலியும்தான்."

சேர்த்தேன். அப்பா, "இவ்ளோவா?" என்றார்.

"ஆவட்டும்" என்றாள் அம்மா. "சரியாச் சொல்லுடா. யாராவது கேட்டா நான் தப்பாச் சொல்லக் கூடாது."

அம்மா தானாக விழவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்க எங்களுக்கு ஆன செலவு, ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூறு ரூபாய்.