ஓசூருக்கு விமானத்தில் போன பெட்டி

எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கேட் பாஸும் லீவு லெட்டரும் தவிர எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் வராது. அன்றைக்கும் திறக்கவில்லை.

ஒரகடத்தில், எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஸ்டோர் வேலை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு, ஓசூரில் எங்களிடம் சீல் வாங்கும் கம்பெனியிலிருந்து போன். நாங்கள் அனுப்பிய சீல்களில் அளவு தப்பு. மதியம் ஒரு மணிக்குள் சரியான சீல் வராவிட்டால் அங்கே உற்பத்தி லைன் நின்றுவிடும். நின்றால் எங்கள் சூப்பர்வைசர் தலையில்தான் விடியும். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அந்த மாதம்தான் அவரை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள்.

அவர் போனைத் தடவிப் பார்த்தார். “ரோட்டுல அஞ்சு மணி நேரம் காட்டுது அண்ணாச்சி. பெங்களூருக்கு ஃப்ளைட்டுல ஒரே மணி நேரம். பத்து மணிக்கு டிக்கெட் போட்டுட்டேன், பெட்டியோட நீங்க ஏறிருங்க. யாருக்குக் கெடைக்கும் இந்த யோகம்!”

சரக்கு வேனோடு அந்தப் பக்கம் பலமுறை போனவன் நான். அப்போதே கிளம்பினால் பன்னிரண்டரைக்குள் ஓசூர். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே ஒரு கோடி, ஓசூர் தெற்கே மறு கோடி என்பதும் தெரியும். சொல்லவில்லை. கூச்சம் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், விமானத்தில் ஏற ஆசை.

சென்னை விமான நிலையத்துக்குக் காரில் கிளம்பினேன். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது டிரைவர் கேட்டார். “எந்த ஊருக்கு சார்?”

“ஓசூர்.”

“இன்னா சார் நீ! ஓசூரு அந்தாண்ட கீது, நாம இந்தாண்ட போய்க்கினு கீறோம். உங்க ஆபீஸ்ல மேப்பைத் தலைகீழா மாட்டிக்கீறாங்களா?”

சிரித்து வைத்தேன். காரை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். படப்பையில் நெரிசல். தாம்பரத்தில் அதைவிட நெரிசல். மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சோதனையில் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு கவராகத் தூக்கிப் பார்த்தார்கள். விமானம் இருபது நிமிடம் தாமதம். மேலே ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைக் காட்டி, “செம்பரம்பாக்கம் ஏரி பாருங்க” என்றார். பார்த்தேன். ஏரி எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனசெல்லாம் கைக்கடிகாரத்தில்.

இறங்கி வெளியே வரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. டாக்ஸி பெங்களூர் ஊருக்குள் ஊர்ந்தது. சூப்பர்வைசர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். “எங்க இருக்கிய அண்ணாச்சி?” ஒரு மணிக்கு மேல் அவர் கூப்பிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஓசூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால். லைன் நின்று, ஆட்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டே, “ஃப்ளைட்ல வந்தீங்களாமே? நடந்து வந்தீங்களோன்னு நெனச்சோம்” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். “விடுங்க அண்ணாச்சி, நீங்க என்ன செய்வீய? சாப்டீயளா?” என்றார். எனக்கு முதலிலேயே தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள், அவரை நிரந்தரம் செய்வதை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். எனக்கு வழக்கம்போல காலை ஷிஃப்ட்.