காபியை விட்ட வேண்டுதல்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் நான் கைக்குழந்தைக்காரி. பிள்ளை பெற்றபின் உடம்பு ஊதிப்போய், எந்நேரமும் தூக்கம். அரியலூர் டாக்டர் தைராய்டு குறைவு என்றார். உடம்பு சுரக்க வேண்டியதையே மாத்திரையாகத் தந்து, "வெறும் வயித்துல போடணும்" என்றார். போட்டேன், காலையில் முதல் காபியோடு. காபி எந்த ஊரில் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்தது? எங்கள் வீட்டில் விரதத்தன்றுகூடக் காபி குடிப்போம்.

ஒரு குணமும் தெரியவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார், அப்புறம் இன்னும் கூட்டினார். எரிச்சல் தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று, "ஆத்தா, என்னை எழுப்பி வுடு, காபியையே வுட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து மாத்திரைக்கு வெறும் தண்ணீர்தான்.

சில வாரத்தில் எழுந்தேன் பாருங்கள்! உட்காரவே முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது, வேர்த்துக் கொட்டியது, விரல்கள் தானாக நடுங்கின. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எறங்கிட்டா!" பக்கத்து வீட்டுக்காரி மகள் கல்யாணம் எப்போது கூடும் என்று என்னிடம் குறி கேட்க வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடிக்காமல் விட்டதே பெரிது.

அதுகூடப் போகட்டும். மாமியார் என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "கை இந்த ஆட்டம் ஆடுது. கீழ போட்டுட்டா? நீ தொடாத." அவனுக்குப் பசும்பால் ஊட்டினார். அவன் உள்ளே அழ, நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். பைத்தியம் என்று என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை வைத்துக்கொள்வார்களோ என்று பயந்து செத்தேன்.

அரியலூர் பஸ் ஏறினேன். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "புதுசா என்ன செஞ்சீங்க?" என்றார்.

"காபியை விட்டேன் சார்."

"அப்ப இத்தனை நாளா மாத்திரையைக் காபியோடயா போட்டீங்க?" தலையில் கைவைத்துக்கொண்டார். "காபி அதை உடம்புல சரியா சேரவிடாதும்மா. ஏறலைன்னு நான் கூட்டிக்கிட்டே போனேன். இப்பத்தான் அத்தனையும் ஏறுது."

அளவைக் குறைத்தார். படபடப்பு அடங்கக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு காலை மாமியார் தண்ணீர் டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பி என்னிடம் நீட்டினார். ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கி மாத்திரையை விழுங்கினேன். அவர் உள்ளே போய், பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் விட்டார்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். வீறிட்டு அழுதுகொண்டே அவரிடம் கையை நீட்டினான்.