ஒலிவ் அறுவடையை நான் முடித்த விதம்

கனடாவுக்கு வந்த புதிதில் எனக்குக் கடும் எரிச்சலைத் தந்த சொல் 'எக்ஸ்பீரியன்ஸ்'. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, மிளகாயில் இலை சுருண்டால் என்ன மருந்து அடிப்பது என்று தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்ச் சொன்னவன். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு டோனற் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கன்று நேர்சரிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஓடினேன். முகாமையாளர் என் சான்றிதழ்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். கனடாவில் மண் மண்ணாக இல்லாமல் வேறென்னவாக இருக்கிறது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இங்குள்ள பண்ணை ஒன்றில் வேலை செய்ததாக மார்கழிக்குள் ஒரு கடிதம் கொண்டுவந்தால் தை மாதம் பார்க்கலாம் என்றார்.

கடிதம் வேண்டுமென்றால் பண்ணையில் வேலை செய்திருக்க வேண்டும். பண்ணையில் வேலை கேட்டால் கடிதம் எங்கே என்றார்கள். வேலை தேடுவோருக்கு உதவும் அலுவலகத்தில் இருந்த பெண்மணிதான் வழி சொன்னார். சம்பளம் வாங்காமல் வொலன்ரியராகப் போகச் சொன்னார். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி அப்பிள் தோட்டம் வைத்திருந்தார்கள். புரட்டாதியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் பஸ் ஓடும் எல்லைவரை போய் நிற்க, பெரியவர் தன் பழைய பிக்கப்பில் வந்து ஏற்றிக்கொள்வார்.

முதல் நாள் மத்தியானம் அவருடைய மனைவி ஒரு தட்டு நிறைய சான்ட்விச் கொண்டுவந்து நீட்டினார். நான் முறைப்படி "நோ, தாங்க் யூ" என்றேன். எங்கள் ஊரில் யாராவது ஒன்றை நீட்டினால் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தரம் வற்புறுத்தும்போது எடுப்பதுதான் மரியாதை. முதல் தரமே கையை நீட்டினால் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று நினைப்பார்கள். அந்த அம்மா "ஓகே" என்று சிரித்துவிட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டார். இரண்டாவது தரம் கேட்க வருவார் என்று வாசலைப் பார்த்தபடியே அப்பிள் பிடுங்கினேன். வரவேயில்லை. பின்னேரம்வரை கீழே விழுந்த அப்பிளைத் தின்று உயிர் தப்பினேன்.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். நீட்டின உடனை எடுங்கோ. எடுத்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கோ. அந்தக் கடிதம் எங்களுக்கு வேணும்."

அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன். நீட்டியதை எல்லாம் எடுத்தேன், எடுத்ததை எல்லாம் முடித்தேன். அப்பிள் பிடுங்கி முடிந்ததும் கடிதத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். இன்னும் ஒலிவ் அறுவடை இருக்கிறது, அதுவும் முடிந்த பிறகு தருகிறேன் என்றார்.

ஸ்ரௌவ்வில்லில் ஒலிவ் என்றதும் எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒலிவ் எண்ணெயை மட்டும் எனக்குத் தெரியும். ஊரில் பாமசியில் சின்னப் போத்தலில் விற்பார்கள், பிள்ளைகளுக்குப் பூசுவோம். பெரியவர் என்னை வீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய மரத் தொட்டியில் என் தோள் உயரத்துக்கு ஒரேயொரு மரம் நின்றது. பக்கத்தில் ஒரு ஹீட்டர், ஒரு வெப்பமானி, ஒரு கதிரை. பதினான்கு வருடங்களுக்கு முன்னர் இருவரும் கிரேக்கத்துக்குப் போய், ஒரு குடும்பத்தின் பண்ணையில் இரண்டு கிழமை ஒலிவ் பறிக்க வொலன்ரியராக நின்றார்களாம். வாழ்நாளில் அதுபோலச் சந்தோஷமாக இருந்ததில்லை என்று அந்த அம்மா சொன்னபோது பெரியவர் முகட்டைப் பார்த்தார். திரும்பி வந்ததும் எங்கோ தேடி ஒரு கன்று வாங்கினார்கள். அது பதினான்கு வருடமும் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு காய்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுவடை நடந்தது. கிரேக்கத்தில் செய்ததுபோலவே செய்ய வேண்டும் என்பதில் பெரியவர் பிடிவாதமாக இருந்தார். தொட்டியைச் சுற்றிப் பச்சை வலை விரித்தோம். எனக்கு ஒரு ஏணி தரப்பட்டது. மரத்தைவிட ஏணி இரண்டு மடங்கு உயரம் என்பதால் நான் ஏறாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா தலையில் துண்டு கட்டியிருந்தார். பெரியவர் நீண்ட தடியால் கிளையை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு காய் விழுந்தன. வலையில் இருந்தவற்றை மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். இப்படியே பத்துக் காய் சேர்ந்தது. பதினொன்றாவது உருண்டு ஹீட்டருக்கு அடியில் போய்விட, அதை எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பன்னிரண்டு வருடம் விவசாயம் படிப்பித்தவன் ஹீட்டருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தேன். கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகு சமையலறையில் என்னை மேசையில் இருத்தினார்கள். அந்த அம்மா பதினொரு காயையும் கழுவி, ஒரு வெள்ளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பும் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று தட்டைப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக "தேர் யூ ஆர்" என்றார். டோனற் கடையில் நாள் முழுக்கக் கேட்கும் வார்த்தை அது. கோப்பியை நீட்டும்போது சொல்வார்கள். எங்கள் பாஷையில் 'இந்தாங்கோ'. சொல்லிவிட்டு அவர் நிலவறைக்குப் போனார். பெரியவர் கமராவுக்குப் பிலிம் தேடி மாடிக்குப் போனார்.

ஒன்றை எடுத்து உப்பில் தொட்டு வாயில் போட்டேன். அப்படியொரு கசப்பை நான் அறிந்ததில்லை. வேப்பம்பூ வடகமும் பாவற்காயும் தின்று வளர்ந்தவன் நான், என் கண்ணிலேயே தண்ணீர் வந்தது. துப்ப இடம் தேடினேன். மனைவியின் குரல் காதில் கேட்டது. சீனி போடாத கறுப்புக் கோப்பியைப் பெரிய குவளையில் குடிக்கிற ஆட்கள்தானே, கசப்பு இவர்களுக்கு விருந்தாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவதில் நாக்கு மரத்தது. ஐந்தாவதில் கன்னமும் மரத்தது. பதினொன்றையும் முடித்து, கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தேன்.

பெரியவர் கமராவோடு வந்தார். அந்த அம்மா கையில் ஒரு கண்ணாடிப் போத்தலோடு வந்தார். முதல் காய்களை ஊறப்போடுவதற்கென்று பதினான்கு வருடமாக எடுத்து வைத்திருந்த, கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த போத்தல் அது. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறினால்தான் ஒலிவை வாயில் வைக்க முடியும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் "தேர் யூ ஆர்" என்று சொன்னது எனக்கல்ல, இவ்வளவு காலம் காக்கவைத்துவிட்டு வந்து சேர்ந்த காய்களுக்கு; 'ஒருமாதிரி வந்திட்டியளோ' என்றும் அதற்கு அர்த்தம் உண்டாம். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். நான் மரத்த நாக்கால், நல்ல ருசி என்றேன்.

பெரியவர் கொட்டைகளை எண்ணினார். அந்த அம்மா கதிரையில் இருந்துவிட்டார். விஷயம் விளங்கியபோது எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், முதல் நாள் சான்ட்விச்சிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தரம் கேட்கும் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். மனைவியின் கட்டளையைச் சொன்னேன். பெரியவர் என்னை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"முடிக்கச் சொன்னனான்தான். அதுக்காக ஒரு தோட்டத்தையே முடிப்பியளோ?"

அவள் சிரிக்கவில்லை. டோனற் கடையிலேயே நரைத்துப் போகப்போகிறேன் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு ஞாயிறு வீட்டிலேயே கிடந்தேன். மூன்றாவது ஞாயிறு பெரியவர் தொலைபேசியில் வரச்சொல்லிக் கூப்பிட்டார். போய் அதே சமையலறை மேசையில் இருந்தேன்.

அந்த அம்மா ஒரு தட்டில் பிஸ்கற் கொண்டுவந்தார். அந்த வீட்டில் இனி எதையும் தின்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "நோ, தாங்க் யூ" என்றேன். தட்டு அசையவில்லை. இன்னொரு தரம் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாவது தரமும் கேட்டார். அப்போது எடுத்தேன். எனக்கு வெட்கத்தைவிட அழுகைதான் கூடுதலாக வந்தது. பெரியவர் ஒரு கடித உறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அஜின்கோர்ட் முகாமையாளர் அதைச் சத்தமாக வாசித்தார். இவர் எங்கள் பண்ணையில் ஒரு பருவம் முழுவதும் உழைத்தார். இந்த வருடத்து ஒலிவ் அறுவடை முழுவதையும் இவர் ஒருவரே, யாருடைய உதவியும் இல்லாமல், பத்து நிமிடத்தில் முடித்தார். இப்படியொரு ஆளை நாங்கள் கண்டதில்லை.

முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழுவதையுமா என்று கேட்டார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்றேன். கஷ்டமாக இருந்திருக்குமே என்றார். முதலாவதுதான் கஷ்டம், பிறகு மரத்துப் போய்விடும் என்றேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து வேலைப் பத்திரத்தை எடுத்து, பேனாவோடு எனக்கு முன்னால் வைத்து, "தேர் யூ ஆர்" என்றார்.

நான் தொடவில்லை.

"எனக்கா?" என்று கேட்டேன்.

உங்களுக்குத்தான் என்றார். இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.