போர்வண்டிக்காரர் வீட்டு மீன் தொட்டி

என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் மேனேஜராக இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம், அஸ்தம்பட்டி வீட்டில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சினேன். அந்த முறை ஊருக்கு வந்தவர், கிளம்புவதற்கு முன்னால் ஒரு மீன் தொட்டியை வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். வீட்டில் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டு இருக்கட்டும் என்றார்.

செடிகளோடு கூடிய தொட்டி அது. முதலில் எங்கள் போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். பார்க்கப் பளிங்குபோல இருக்கும், ஆனால் உப்பு அதிகம். குடத்தின் அடியில் படிவதைப் போலவே இலைகளின் மேலும் வெள்ளையாகப் படிந்தது. செடிகள் வதங்கின. ஒரு சின்ன கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் எனக்கு ரசாயனமெல்லாம் தெரியாது. வீடியோக்களைப் பார்த்தும், சொட்டு மருந்தை விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் கிட்டை வைத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போகும்வரை வாளியில் திறந்து வைப்பேன். மழை பெய்தால் மாடியில் பாத்திரம் வைப்பேன். காய்ந்த பாதாம் இலைகளைத் தொட்டியில் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை தணியும். நிறம் மட்டும் கடுங்காப்பியைப் போல லேசாகப் பழுப்பேறும். அந்தப் பழுப்புத் தண்ணீரில்தான் நியான் மீன்கள் சிவப்பும் நீலமுமாக மின்னின. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மட்டுமே மாற்றுவேன். பில்டரின் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவேன். கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன.

சாயங்காலம் அவர் போன் செய்வார். எத்தனை அடியில் ஈரம் தட்டியது, சேறாக வந்ததா, பாறைத் தூளாக வந்ததா என்று சொல்வார். நான் தொட்டித் தண்ணீரின் பி.எச். எவ்வளவு என்று சொல்வேன். எனக்கு அவர் பேச்சு பாதி புரியாது, அவருக்கு என் பேச்சு பாதி புரியாது. இருந்தாலும் வருடங்கள் அப்படிப் போயின. மற்ற விஷயங்களை அவர் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

முதுகுவலி தாங்க முடியாமல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். இனி வீட்டிலேயே இருப்பேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து பழகிய மனிதருக்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னைக் கேட்பார். நான் வேலைக்குக் கிளம்பியதும் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஆத்தூரில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு நடந்தது. முதுகை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வர முடியாது என்று அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். நான் போய்விட்டு மறுநாள் மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் முழுக்க ஈரமாக இருந்தது. தொட்டியில் தண்ணீரே இல்லாததுபோல் அவ்வளவு தெளிவு. அவர் நனைந்த பனியனோடு நின்று சிரித்தார்.

“காப்பித்தண்ணியாட்டம் கெடந்துச்சு புள்ள. நீ வாரதுக்குள்ள மாத்தி வெச்சரலாம்னு பாத்தேன்.”

“எந்தத் தண்ணிங்க ஊத்துனீங்க?”

“நம்ம போர் தண்ணிதான். நான் நின்னு போட்ட போராச்சே, கண்ணாடியாட்டம் வந்துச்சு.”

முக்கால் தொட்டியை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பியிருந்தார். பஞ்சையும் குழாயடியில் வெளுக்கும்வரை துவைத்திருந்தார். மீன்கள் நிறம் மங்கி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சட்டென்று காரத்தன்மை ஏறிவிட்டால், மீன் கழிவில் அதுவரை சாதுவாகக் கிடந்தது நஞ்சாகிவிடும். தேக்கி வைத்திருந்த குழாய்த் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பார்த்தேன். இருட்டுவதற்குள் பெரும்பாலானவை செத்து அடியில் சாய்ந்துவிட்டன. அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாமல் நடந்ததுதானே என்று அன்றும் சொன்னேன், பிறகும் சொன்னேன். அடுத்த ஞாயிறு வாளியை அவர் கையில் கொடுத்து, நீங்களே ஊற்றுங்கள் என்றேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார். “அது உங்கையிலயே இருக்கட்டும் புள்ள,” என்றார். அதற்குப் பிறகு நாற்காலி தொட்டிக்கு முன்னால் வரவில்லை. கூடத்தைக் கடக்கும்போது மீன்களைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பதுபோல் சுவரோரமாக நடப்பார். விருந்தாளிகூட அப்படி நடக்கமாட்டான்.

செடிகளும் அழுகின. புதுச் செடி எடுத்து வரலாம் என்று சொல்லி, வாடகைக் காரில் அவரை ஜேடர்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். காவிரித் தடுப்பணைக்குக் கீழே படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். நான் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வேலம்பாசியைப் பறித்துப் பையில் போட்டேன். ஆற்றைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“எந்த ஊருலயும் பூமிய மிதிச்சுப் பாத்தாச் சொல்லீருவேன், இங்க தண்ணி வரும், இங்க வராதுன்னு. நம்ம ஊட்டுக்குள்ள எனக்கு ஒண்ணுமே தெரியலியே புள்ள.”

“பழகிருமுங்க,” என்றேன். இத்தனை வருடம் பேசாமல் விட்டதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? திரும்பும் வழியில் டிரைவரோடுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தோம்.

போர் வண்டி முதலாளி போன் செய்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். கனமான வேலை வேண்டாம், மேற்பார்வை பார்த்தால் போதும் என்று கூப்பிட்டார்களாம். முதுகு என்னாகும் என்று கேட்டேன். பெல்ட் போட்டுக்கொள்கிறேன் என்றார். மகள் போனில் அழுதாள். அவளையும் சமாதானப்படுத்தினார்.

கிளம்பும் காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். பஸ் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாத்திருக்கலாமுங்க,” என்றேன்.

“இருந்திருக்கலாம்,” என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து, “வாரேன் புள்ள,” என்று ஏறிவிட்டார்.