“கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?”

எளாவூரில் எங்கள் தெருவில் அருணகிரி அண்ணனைத் திட்டாத ஆள் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் அவருக்கு டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார்கள் என்று எழுதுவது. இருபத்திரண்டு வருஷமாக அதுதான். ஆறு மணி ஷிப்டுக்கு ஆறு பதினொன்றுக்கு வந்தால் அரை நாள் போச்சு. அங்கேயே கிரேன் ஓட்டுகிற எனக்கு, பக்கத்து வீட்டுக்காரன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. “வண்டி பஞ்சர்ணா” என்றால், “அத்த வண்டிகிட்ட சொல்லு” என்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் பேஜாரு பிடித்த மனுஷன்.

போன ஆடியில் ஒரு நாள், காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் மனைவி கல்பனா அண்ணி கட்டிலில் கிடந்தார். வலது கை துவண்டு, வாய் கோணி, பேச்சே இல்லை. “ராத்திரி ஒம்போது நாப்பதுக்குப் படுத்தா. அப்போ நல்லாத்தான் இருந்தா. இப்போ அலாரம் அடிச்சி எழுந்தா இப்டி கெடக்கறா” என்றார் அண்ணன்.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். அதிலிருந்த நர்ஸ், “பக்கவாதம் மாதிரி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போனா அடைப்பைக் கரைக்க ஊசி போடுவாங்க. தாண்டிட்டா கஷ்டம்” என்றார். அண்ணன் வாட்சைப் பார்த்தார். சென்னை போய்ச் சேரும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் முதலில் கேட்டது இதுதான்: “இவங்க கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?”

“நாலரைக்கு மேடம். தண்ணி எடுத்தாந்து குடுத்தா. நல்லா பேசிக்கினு இருந்தா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கெல்லாம் நிமிஷம் பிசகாமல் எழுதியவர் முதல் தடவையாக ஒரு நேரத்தை மாற்றுகிறார். மாற்றட்டுமே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிட்டு, டாக்டர் கையெழுத்து வாங்க வந்தார். “ஊசி போடப்போறோம். நேரம் சரிதானே? ரொம்ப நேரமாகி மூளை செத்துப்போயிருந்தா, இந்த ஊசியாலயே உள்ளே ரத்தம் கொட்டிடும். உயிருக்கே ஆபத்து.”

அண்ணனின் பேனா நின்றுவிட்டது.

“மேடம், பொய் சொல்லிட்டன். ராத்திரி ஒம்போது நாப்பதுக்குப் பாத்ததுதான்.” சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதார். “அவ்ளோதானா? இனிமே ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?”

டாக்டருக்கு வந்த கோபம் நியாயம்தான். உள்ளே பார்த்து, “ஊசிய நிறுத்துங்க” என்றவர், பிறகு சொன்னார்: “நேரம் தெரியலன்னா படம் பாத்து முடிவு பண்ணலாம். மருந்து ஏத்தி இன்னொரு ஸ்கேன் எடுப்போம். மூளையில எங்கெங்க ரத்தம் போகுதுன்னு தெரியும். செத்த இடம் கொஞ்சமாவும், ரத்தமில்லாம தவிக்கிற இடம் நிறையவும் இருந்தா, குழாய் விட்டு அடைப்பை எடுத்துடலாம். செத்த இடமே பெருசுன்னா எடுத்தும் பிரயோஜனமில்ல.”

அந்தப் படம் வரும்வரை அண்ணன் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். செத்த இடம் ரோஸ் நிறத்தில், ஓர் எலுமிச்சம்பழம் அளவு. அதைச் சுற்றிப் பெரிய பச்சைத் திட்டு. “இந்தப் பச்சையெல்லாம் இன்னும் உயிரோட இருக்கு. எடுத்துடலாம்” என்றார். தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணிக்குப் பேச்சு திரும்பியது, கொஞ்சம் குழறலாக. வலது கை மட்டும் சரியாக எழும்பவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, “உங்களுக்கு எப்போ தெரிஞ்சுதும்மா?” என்று கேட்டார்.

“மூணே காலுக்கு. கை மரத்துப் போச்சு. கடியாரம் பாத்தேன்.”

டாக்டர் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். “அப்பவே எழுப்பியிருந்தா ஊசியே போட்டிருப்போம். இந்தக் கையும் தப்பிச்சிருக்கலாம். பக்கத்துலதானே படுத்திருந்தாரு, எழுப்பக்கூடாதா?”

அண்ணி தன் புருஷனைப் பார்த்தார்.

“எப்டி எழுப்பறது? அவருக்கு ஆறு மணி ஷிப்டாச்சே.”